பியூலாவின் விரல்களும் வேதாசலத்தின் சோகமும்

பியூலாவைச் சபைப் பாடகர் குழுவிலிருந்து விலக்கியதற்கு அவளுடைய சிரிப்புதான் காரணம். கிழக்குத் தாம்பரத்தில் புனித வெள்ளி ஆராதனை. எல்லோரும் தலை குனிந்து துக்கப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வரிசைப் பெரியவர் ஒருவருக்குப் பல்செட் கழன்று பாட்டுப் புத்தகத்தின் மேல் விழுந்தது. அவர் அதை எடுத்து மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ராகம் பிசகாமல் தொடர்ந்து பாடினார். அதைப் பார்த்தவள் பியூலா ஒருத்திதான். அதற்கப்புறம் அந்த ஆராதனை முடியும்வரை அவளால் வாயை மூட முடியவில்லை. கைக்குட்டையைக் கடித்தாள், தொடையைக் கிள்ளிக்கொண்டாள், குனிந்து செருப்பு வாரைச் சரி செய்வதுபோல நடித்துப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

அவள் அப்பா தேவானந்தம் சார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டுக்கு வந்து தீர்ப்புச் சொன்னார்: "வாயைத் திறந்தாத்தானே உனக்குச் சிரிப்பு வருது? இனிமே வாயே திறக்காதே. எதையாவது வாசி."

வீட்டில் வாசிக்க ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. பியூலாவின் அண்ணன் ஏசுபாதம் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டார். கூடவே டிபன் கேரியர் அளவில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. இது நடந்தது எண்பத்து நாலில்.

பியூலாவுக்கு அப்போது மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை. தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ் பண்ணியவள். அவள் தட்டினால் டைப்ரைட்டர் சத்தம் போடுவதாகத் தெரியாது, தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்வதாகத் தோன்றும். மற்றவர்களுக்குச் சுண்டுவிரல் என்பது மோதிரவிரலுக்குப் பயந்து அதன் பின்னாலேயே போகும் தங்கச்சி மாதிரி. பியூலாவுக்கோ எட்டு விரலும் எட்டு ஆட்கள். அந்த எட்டு ஆட்களையும் கிட்டார் மேல் ஏவிவிட்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. டைப்பிங் பாடத்தையே தந்திகள் மேல் போட்டுப் பார்த்தாள். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டும் வேகத்தில். இரண்டு வருஷத்தில், பல்லாவரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில் அவளைவிட வேகமாக கிட்டார் வாசிக்கக்கூடிய ஆள் கிடையாது.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் ஸ்ரீநிவாசராகவன் சாரின் மெல்லிசைக் குழுவில் அறிவிப்பாளர். பகலில் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை. சாயங்காலமானால் மைக்கைப் பிடித்து 'அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே'. குழுவில் இரண்டாவது கிட்டார்காரர் சவூதிக்குப் போய்விட, சார் ஆள் தேடிக்கொண்டிருந்தார். யாரோ சொல்லி பியூலா வந்தாள். மேற்குத் தாம்பரத்தில் சார் வீட்டு மொட்டை மாடியில் ஒத்திகை. தலைக்கு மேல் ஏர்ஃபோர்ஸ் பயிற்சி விமானம் ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"வாசிம்மா, பார்ப்போம்" என்றார் சார்.

பியூலா உதட்டை இறுக மூடிக்கொண்டாள். பரீட்சை எழுதுகிறவள் முகம். அப்புறம் அவள் கை நகர்ந்தது. எங்கள் காங்கோ டிரம்காரர் வாயில் போட்ட பக்கோடாவை மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் முடித்தபோது விமானம்கூட மெதுவாகப் போவதுபோல இருந்தது.

சார் எழுந்து நின்றார். "அடேயப்பா! என்னமா ஓடறது கை! ஒரு ஸ்வரம் உரசலை, ஒண்ணு பிசிறலை!"

ஒரே ஒருவர் மட்டும் கை தட்டவில்லை. அவர்தான் எங்கள் முதல் கிட்டார், வேதாசலம். பீர்க்கன்கரணைக்காரர். ஏரிக்கரைப் பக்கம் சொந்தமாக சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருந்தார். எங்கள் கச்சேரிக்கு மைக், ஸ்பீக்கர் எல்லாம் அவர் கடையிலிருந்துதான் வரும். ஆள் ஆறடி. எப்போதும் இரண்டு நாள் தாடி. பாட்டின் நடுவில் சோகமான கிட்டார் பிட் ஒன்று வந்தால் வேதாசலம் கண்ணை மூடிக்கொள்வார். தந்தியை ஒரு இழு இழுப்பார். முன்வரிசைப் பெண்கள் முந்தானையைத் தேடுவார்கள். கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பா அழுதால் அதில் பாதி வேதாசலத்தின் கைங்கரியம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

வேதாசலம் தாடியைச் சொறிந்தார். "எல்லாம் கரீட்டாத்தான் கீது, சார். ஆனா பீலிங் எங்க கீது?"

பியூலாவின் முகம் சுருங்கியது. "பீலிங்னா என்ன பண்ணணும், அண்ணா?"

"அது பண்றதில்லமா. மன்சு வலிக்கணும்."

அந்த ஒரு வார்த்தை பியூலாவை ஆட்டிப்படைத்துவிட்டது. அவளுக்கு மனசு வலித்ததே கிடையாது. நல்ல அப்பா, நல்ல அம்மா, பசி எடுத்தால் சோறு, படுத்தால் தூக்கம். வலிக்க எதுவும் இல்லை. ஆனாலும் அவள் விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டைத் தவிர்த்துப் பார்த்தாள். இரண்டு மணிக்குப் பசி தாங்காமல் ஐந்து சமோசா தின்றாள். சோகப் படம் ஒன்றுக்குப் போனாள். வில்லனின் விக் நகர்ந்திருந்ததைக் கவனித்துவிட்டு, தியேட்டரையே சிரிக்க வைத்துவிட்டு வந்தாள். வெங்காயம் நறுக்கிக் கண்ணீரோடு ஓடிவந்து கிட்டாரை எடுத்தாள். கண் தெரியாமல் தவறான தந்தியில் கை வைத்தாள். அவள் அம்மா ஞானசௌந்தரி அடுக்களையிலிருந்து, "ஏம்மா, குழம்புக்கு வெங்காயம் வேணுமா வேணாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் முடிச்சூரில் ஒரு கல்யாண வரவேற்பு. பியூலா பக்கவாட்டில் நின்று வாசித்தபடியே கோரஸும் பாட வேண்டும். 'லலலா' என்று வாயை மைக்கருகே கொண்டுபோனவள் உதடு மைக்கில் பட்டது. சுரீர் என்று ஷாக். அவள் இடது கை தன்னாலே துள்ளி, பிடித்திருந்த தந்தியை மேலே தள்ளிவிட்டது. கிட்டார் 'ங்ஙீ...' என்று ஒரு அலறல் அலறிற்று. தாயில்லாப் பிள்ளை அழுவதுபோல. முன்வரிசையில் ஒரு அம்மாள் மூக்கை உறிஞ்சினார். ஸ்ரீநிவாசராகவன் சார் கீபோர்டில் கை வைத்தபடி "ஆஹா!" என்று கண்களை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்ததும் வேதாசலம் ஓடிவந்தார்.

"யம்மா! இத்தான்! இத்தான் பீலிங்!"

"அண்ணா, உங்க மைக்குல ஷாக் அடிக்குது" என்றாள் பியூலா.

வேதாசலம் டெஸ்டரை எடுத்துக்கொண்டு மேடைக்கு அடியில் குனிந்து போனார். அன்றைக்கு முழுக்க அவர் காது சிவந்தே இருந்தது. எர்த் ஒயர் கழன்று கிடந்ததாம்.

ஆனால் பியூலாவுக்கு அதிலிருந்து ஒரு சந்தேகம் பிறந்தது. மனசு வலிக்காமலே, மின்சாரம் அடித்தாலும் அந்தச் சத்தம் வரும் என்றால், வேதாசலம் உண்மையில் என்னதான் செய்கிறார்? அடுத்த கச்சேரிகளில் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு ஒத்திகை முடிந்து தாம்பரம் ஸ்டேஷன் எதிரே டீ குடிக்க நின்றபோது நேரடியாகக் கேட்டுவிட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டா? நீங்க எந்த ஸ்வரத்தையும் நேரா தொடறதே இல்ல. கொஞ்சம் கீழ ஆரம்பிச்சு, இழுத்து இழுத்து மேல போறீங்க. ஏன்?"

வேதாசலம் டீயை ஆற்றினார். அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லாத. எனுக்கு அது எங்க கீதுன்னே தெரியாது. கிட்டக்க எங்கியாவது கையை வச்சி தடவிக்கினே போனா வந்துடும்."

"போய்ச் சேர்ந்ததும் விரலை நடுங்க விடறீங்களே, அது?"

"அது... அப்பாடா, கெட்ச்சிடுச்சின்ற சந்தோசம்."

"சந்தோஷமா! ஜனங்க அழறாங்களே!"

"அதான் எனுக்கும் இத்தினி வருசமா புரியல."

பியூலா முதலில் டீ கிளாஸை பெஞ்சில் வைத்தாள். அது நல்ல காரியம். அடுத்து வந்த சிரிப்பில் கிளாஸ் கையிலிருந்தால் என் சட்டை போயிருக்கும். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேதாசலமும் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, தாங்காமல் அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முன்பல்லுக்கு நடுவில் இடைவெளி.

அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் கிறுக்குப் பிடித்தது. பியூலா மெதுவாக வாசிக்கக் கிளம்பிவிட்டாள். நன்றாகத் தெரிந்த ஸ்வரத்தையே தெரியாததுபோலத் தேடினாள். தெரிந்த வீட்டுக்கு வழி கேட்டுப் போகிறவள் மாதிரி இருந்தது. வேதாசலமோ ரகசியமாக வேறு ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார். அது வெளியே வந்த விதம் இது: இன்ஸ்டிடியூட்டில் காலை வகுப்பைப் பார்க்கும் அபிதகுஜாம்பாள் டீச்சருக்கு ஒருநாள் காய்ச்சல். அவருக்குப் பதிலாக பியூலா போனாள். பாவாடை தாவணிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்க, கடைசி மிஷினில் ஒரு மலை உட்கார்ந்திருந்தது. ஆறடி உடம்பைச் சுருக்கிக்கொண்டு, நாக்கின் நுனியைப் பல்லில் கடித்தபடி, 'ஏ எஸ் டி எஃப்' தட்டிக்கொண்டிருந்தார் வேதாசலம்.

அவளைப் பார்த்ததும் முகத்தைக் காகிதத்துக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"சொல்லாத, சொல்லாத. எனுக்கும் உன்னாட்டம் ஸ்பீடு வோணும்."

அன்று காலை வகுப்பில் யாரும் ஒரு வரிகூட உருப்படியாக டைப் அடிக்கவில்லையாம். பியூலா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் பெண்கள் எல்லோரும் காரணம் தெரியாமலே சிரித்திருக்கிறார்கள். நான் கவனித்தது வேறு ஒன்று. அன்றைக்கு அப்புறம் அவள் வாயில் 'அண்ணா' வரவில்லை. 'இங்க பாருங்க', 'உங்களைத்தான்' என்றே ஓட்டினாள்.

எண்பத்தேழு ஆடி மாதம், செம்பாக்கம் ஏரிக்கரையில் அம்மன் கோயில் திருவிழா. கூழ் வார்த்து முடித்து, சாயங்காலம் எங்கள் கச்சேரி. ஊரே மணலில் உட்கார்ந்திருந்தது. மேடை ஏறுமுன் இரண்டு கிட்டார்காரர்களும் சாரிடம் போய் நின்றார்கள். சோகப் பாட்டின் பிட்டை பியூலா வாசிப்பாளாம். வேகமான பாட்டை வேதாசலம் வாசிப்பாராம்.

"ஏன்டாப்பா, நன்னாத்தானே போயிண்டிருக்கு?" என்றார் சார். ஆனாலும் தலையாட்டிவிட்டார்.

சோகப் பாட்டு வந்தது. பியூலா புருவத்தை நெரித்து, கண்களை மூடி, ஸ்வரத்தைத் தேடித் தேடி இழுத்தாள். ஒரு குழந்தை வீறிட்டது. பின்னாலிருந்து ஒரு குரல்: "சிஸ்டருக்குப் பல்லு வலி போலக் கீதுப்பா!" நான் அவசரமாக அடுத்த பாட்டை அறிவித்தேன்.

வேகமான பாட்டு. டிரம் கிளம்பியது, வேதாசலம் பிட்டுக்குள் குதித்தார். முதல் இரண்டு சுற்று, சத்தியமாக, பிரமாதம். சார்கூடப் புருவத்தை உயர்த்தினார். மூன்றாவது சுற்றில் அவருடைய சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒரே இடத்துக்கு ஓடி ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. வலது கையிலிருந்த பிளாஸ்டிக் பிக் நழுவிப் பறந்தது. விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று சுழன்று போய், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த விழாத் தலைவர் கையிலிருந்த சுண்டல் பொட்டலத்தில் விழுந்தது. அவர் கவனிக்காமல் ஒரு பிடி அள்ளினார், வாயில் போட்டார், கடித்தார். மெல்லுவதை நிறுத்தினார். வாயிலிருந்து அதை எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்து, எந்த ஊர்க் கொண்டைக்கடலை என்று பார்த்தார்.

வேதாசலம் வெறும் விரல்களைக் காற்றில் பிடித்தபடி பியூலாவைப் பார்த்தார்.

பியூலாவின் வாய் கோரஸ் மைக்குக்கு நேர் எதிரே இருந்தது. அவள் சிரித்த சிரிப்பு குழாய் ஸ்பீக்கர் அத்தனையிலும் புகுந்து ஏரிக்கு அக்கரை வரை போயிற்று. கிட்டார் வாசிக்கும்போதெல்லாம் சிரிக்காமல் மூடி வைத்த வாய் அது, மூன்று வருஷமாக. சிரித்துக்கொண்டே, வேதாசலம் கீழே போட்ட இடத்திலிருந்து பிட்டைக் கவ்விக்கொண்டு ஓடினாள். அந்த ஓட்டத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், இன்னும் சரியாகச் சொல்ல வரவில்லை. அதே விரல்கள், அதே வேகம். ஆனால் பரீட்சை முகம் இல்லை. தோள் குலுங்கியது, பின்னல் குதித்தது, சிரிப்பு வந்த இடத்தில் கிட்டாரும் ஒரு விக்கு விக்கி மேலே தாவிற்று. இரண்டு இடத்தில் தப்பு ஸ்வரம் விழுந்தது. அவள் அதையும் கூடச் சேர்த்துக்கொண்டு, மறுபடி வேண்டுமென்றே போட்டாள். முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளிடமிருந்து பக்கத்தவளுக்கு, அங்கிருந்து பின்வரிசைக்கு. ஊர் மொத்தமும் சிரிக்க ஆரம்பித்தது. பிறகு எழுந்தது. பிறகு ஆடியது.

"நிறுத்தாதே! நிறுத்தாதே!" என்று சார் கத்தினார். பாட்டுக்காரர் பாடுவதை விட்டுவிட்டு ஆடப் போய்விட்டார். வேதாசலத்துக்குப் பிக் இல்லை. கட்டைவிரலாலேயே தந்தியை நீவி, தனக்குத் தெரிந்த அந்த ஒரே வேலையை, தேடித் தேடிப் போய்ச் சேரும் வேலையை, பியூலாவின் ஓட்டத்துக்கு அடியில் மெதுவாக விரித்தார். மேலே அவள் குதித்தாள். கீழே இவர் நிதானமாக நடந்தார். ஒருவர் காலில் ஒருவர் மிதிக்கவே இல்லை. கூழ் வார்த்த கன்னியம்மா கரண்டியோடு மேடைக்குக் கீழே வந்து நின்று, "இன்னா பொண்ணுடா இது! கூடவே கிட்டாரும் சிரிக்குதே!" என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார். அறிவிப்பாளனாகிய நான் மீதிப் பாட்டுகளை அறிவிக்கவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஒயர்களைச் சுருட்டும்போது வேதாசலம் சொன்னார், "பீலிங்னா அழுவுறதுன்னு நென்ச்சினு இருந்தேன் நான். உன்னாண்ட மொதல்லர்ந்தே இருந்துகீது. நீதான் வாய மூடிக்கினு இருந்த."

"நீங்கதான் மனசு வலிக்கணும்னு சொன்னீங்க!"

"சொன்னேன். உனுக்கு அறிவு எங்க போச்சு?"

அவள் ஒயர் சுருளை அவர் தலையில் மாட்டிவிட்டாள்.

அதற்கப்புறம் எங்களுக்கு வந்த கச்சேரிகளில் பாதி அந்த இரட்டைக் கிட்டாருக்காகவே வந்தது. இரண்டு பேரையும் பற்றிப் பேச்சும் வந்தது. தேவானந்தம் சார் காதுக்கு எட்டியதும் அவர் தானே நேரில் பார்ப்பதென்று முடிவு செய்து, மாடம்பாக்கத்தில் ஒரு கச்சேரிக்கு வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, மடியில் குடை. முதல் பாட்டுக்கு அசையவில்லை. இரண்டாவதற்குக் குடையின் நுனி தரையைத் தட்டியது. மூன்றாவதில் அவர் வலது கால் தாளம் போட்டு, போட்டு, செருப்பு கழன்று மேடை மேலே போய் விழுந்தது. வேதாசலம் வாசிப்பை நிறுத்தி, அதைக் கொண்டுவந்து, குனிந்து அவர் காலருகே வைத்தார்.

"மாமா, உங்க செருப்பு."

"யார்ரா மாமா?" என்றார் தேவானந்தம் சார். ஆனால் அதைச் சொல்லும்போது அவருக்கு மீசை துடித்தது. சிரிப்பு அந்தக் குடும்பத்தில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. ஒரு வருஷத்துக்குமேல் பேச்சு. சபையில் முணுமுணுத்தார்கள். வேதாசலத்தின் அம்மா காந்திமதி, "நம்ம சாமி ஒண்ணும் சொல்லாது, ஒறமொறைதான் சொல்லும்" என்று உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அவரே எழுந்து, புடவையை உதறிக்கொண்டு, ஞானசௌந்தரி அம்மாவைப் பார்க்கப் போனார். இரண்டு அம்மாக்களும் உள்ளறையில் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வெளியே வரும்போது தேதி குறித்திருந்தார்கள். ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்து, எண்பத்தொன்பதில்.

வரவேற்பு பீர்க்கன்கரணை ஏரிக்கரையில், சாமியானா போட்டு. மாப்பிள்ளை சவுண்ட் சர்வீஸ்காரர் என்பதால் ஊரிலிருந்த ஸ்பீக்கரெல்லாம் அங்கேதான். பெண்ணும் மாப்பிள்ளையும் நாற்காலியில் உட்காரவே இல்லை. பட்டுப்புடவைக்கு மேல் கிட்டார் வாரைப் போட்டுக்கொண்டு பியூலா வாசிக்க, மாலையைக் கழற்றி ஸ்ரீநிவாசராகவன் சார் கழுத்தில் போட்டுவிட்டு வேதாசலம் வாசித்தார். பரிசு கொடுக்க வந்தவர்கள் இரண்டு கிட்டாருக்கும் நடுவில் புகுந்து, ஆடிக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நடுவில் காற்று எழுந்து சாமியானாவின் ஒரு மூலையைப் பிய்த்தது. மழை பிடித்துக்கொண்டது. வேதாசலம் "மெயினை ஆஃப் பண்ணு!" என்று கூவியபடி ஆம்ப்ளிஃபையர் மேல் தன் கல்யாணச் சட்டையைக் கழற்றிப் போர்த்தினார். விளக்கு போனது, ஸ்பீக்கர் போனது, கிட்டார்கள் ஊமையாயின. மழைச் சத்தம் மட்டும். எல்லோரும் கிளம்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

பியூலா கிட்டாரை என் கையில் கொடுத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையிலிருந்து சேற்றில் குதித்தாள். வாயாலேயே அந்த செம்பாக்கம் பிட்டைப் பாட ஆரம்பித்தாள். சார் ஒரு சாம்பார் வாளியைக் கவிழ்த்துத் தாளம் போட்டார். காந்திமதி அம்மாள் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தலைக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார். அதைப் பார்த்துத் தேவானந்தம் சாரும் ஒரு நாற்காலியை எடுத்துக் கவிழ்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஏரிக்கரை முழுக்க நாற்காலிகள் ஆடிக்கொண்டிருந்தன. நான் கிட்டாரைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் அதைப் பந்திப் பலகைக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டு, எனக்கும் ஒரு நாற்காலி தேடிப் போனேன்.